‘கிளிக்’ என்னும் ஓசையும் அதன் பொருள் விரிவும்

ஆங்கிலத்தில் ‘கிளிக்’ என்பது மிகச் சிறிய சொல். பூட்டில் சாவி திரும்பும்போதும், விளக்கின் விசையை அழுத்தும்போதும் எழும் ஓசையைப் போலச் செய்து பிறந்தது. இச்சொல்லைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு ஒரு விடைத்தாளே காரணம்.

நாம் நடத்திய மொழிபெயர்ப்புத் தேர்வொன்றில் கொடுத்த ஆங்கிலப் பத்தியில் இச்சொல் நான்கு இடங்களில் வந்தது. முதலில் கதவு பூட்டிக்கொண்டது; அடுத்துக் கணிப்பொறியின் சுட்டி அழுத்தப்பட்டது; பின்னர், புதிதாய்ச் சந்தித்த இருவருக்கு மனம் ஒத்துப்போனது; கடைசியில், நெடுநேரம் விளங்காதிருந்த ஒன்று ஒருவனுக்குத் திடீரென விளங்கிற்று. ‘சொடுக்கு’ என்னும் சொல்லை நாம் வகுப்பிலேயே கற்பித்திருந்தோம். ஆனையூரிலிருந்து வரும் மாணவி ஒருவர் நான்காம் இடத்தில் அதனை விடுத்து, “அப்போதுதான் பொறி தட்டியது” என எழுதியிருந்தார். நாம் சிவப்பு மையால் அடித்து இரண்டு மதிப்பெண்களைக் குறைத்தோம். தாளைப் பெற்றுக்கொண்டவர், “மூளையை யாராவது சொடுக்குவார்களா, ஐயா?” என்று கேட்டார். அப்போது நம்மிடம் விடை இல்லை.

ஓசையைப் பின்பற்றிப் பிறந்த சொல் ஓசையோடு நின்றுவிடுவதில்லை என்பதைத் தொல்காப்பியம் நன்கு அறியும். இசை, குறிப்பு, பண்பு ஆகிய மூன்றையும் உரிச்சொல்லின் நிலைக்களன்களாகக் கொண்டது உரியியல். ஒரு சொல் பல பொருளுக்கு உரிமையாதலையும், பல சொற்கள் ஒரு பொருளுக்கு உரிமையாதலையும் அவ்வியலே பேசுகின்றது. கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கும் அங்கே ஆரவாரத்தைக் குறிப்பன. அவற்றுள் அழுங்கலுக்கு மட்டும் இரக்கம், கேடு என்னும் பொருள்களும் உண்டு. துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் ஆகியனவும் ஓசைச் சொற்களே. முரசு இரங்கும், முழவு இயம்பும். அவ்வாறிருக்க, ‘இரங்கல்’ கழிந்துபோனதற்கு வருந்துதலையும் குறிக்கும் என்று அந்நூலே கூறுகின்றது. இன்று இறந்தாருக்காக நாம் கூட்டும் இரங்கல் கூட்டத்தில் முரசின் ஒலியை யாரும் தேடுவதில்லை. ‘இயம்பு’ என்பதும் கருவியை விட்டு மனிதன் வாய்க்கு வந்து, சொல்லுதல் ஆகிவிட்டது.

ஆங்கிலச் சொல் சென்ற வழியும் இதுவே. நிழற்படக் கருவியின் மூடி திறந்து மூடும் ஓசை முதலில் அப்பெயரைப் பெற்றது. பிறகு படம் எடுத்தலே அப்பெயரைப் பெற்றது. இன்றைய கைப்பேசியில் ஓசை எழுப்ப வேண்டிய மூடி இல்லை. ஆயினும் ஒலிபெருக்கி வழியாக அவ்வோசையைச் செயற்கையாக எழுப்புகின்றனர். பிறரை அவர் அறியாமல் படம் எடுப்பதைத் தடுக்கும்பொருட்டு, சப்பான், தென்கொரியா ஆகிய நாடுகளில் விற்கப்படும் கைப்பேசிகளில் பெரும்பாலும் அவ்வொலியை நிறுத்த இயலாதவாறு அமைத்துள்ளனர். ஓசையிலிருந்து சொல் பிறந்தது போய், சொல்லுக்காக ஓசையைப் பிறப்பிக்கும் வேடிக்கை இது!

தமிழர் வாயிலும் இவ்வோசை உண்டு. துன்பச் செய்தி கேட்டால் நாவைப் பல்லின் பின்புறம் ஒட்டி இழுத்து ‘உச்சுக்கொட்டு’கிறோம். நமக்கு அது எழுத்தன்று. வருத்தத்தின் அல்லது சலிப்பின் அடையாளம் மட்டுமே. தென்னாப்பிரிக்காவின் சூலு, சோசா ஆகிய மொழிகளிலோ இத்தகைய ஒலிகள் மெய்யெழுத்துகளாகவே சொற்களுக்குள் வருகின்றன. ஆங்கில மொழியியலார் அவற்றையும் இதே ‘கிளிக்’ என்னும் பெயரால் வழங்குவர். சுவரில் பல்லி எழுப்பும் ஓசையும் இவ்வினத்ததே. ஆனால் நம் வீடுகளில் அது ஒலிப்பதில்லை, ‘பல்லி சொல்கிறது’.

இனிச் ‘சொடுக்கு’ என்னும் சொல்லைக் காண்போம். விரலைச் சொடுக்கலாம், சாட்டையைச் சொடுக்கலாம். நெற்றியில் அடித்து ஓசையெழுப்பிச் சிறுவர் விளையாடும் காய்க்குச் சொடக்குத் தக்காளி என்று பெயர். ‘சொடக்குப் போடும் நேரத்தில்’ என்றால் மிகச் சிறிய பொழுது. விரலும் ஓசையும் விரைவும் ஒருங்கே அமைந்த இச்சொல் கணிப்பொறிச் சுட்டிக்கு மிகப் பொருத்தமாகவே அமைந்தது. அதனைத் தேர்ந்தவர் நம் நன்றிக்குரியவர். ஆயினும், திடீரென ஒன்று விளங்குதல் என்னும் பொருளுக்குள் அது இதுவரை நுழையவில்லை. அவ்விடத்தில் முன்பே வேறொரு சொல் குடியிருக்கின்றது.

அச்சொல்லே ‘தட்டு’. இதுவும் ஓசையைப் போலச் செய்து பிறந்ததே என்பது நம் கருத்து. இன்று மதுரை மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட ஆனையூரில் ஒரு காலைப் பொழுதை எண்ணிப் பார்க்கலாம். பால்காரர் கதவைத் தட்டுகிறார். பின்கட்டில் ஒருவர் வறட்டி தட்டுகிறார். அடுப்படியில் அடை தட்டுகிறார்கள். தெருவில் ஒருவருக்குக் கால் தட்டுகிறது. இதுவரை கையும் காலும் பொருளொன்றில் படுகின்றன. சிறிது ஓசையும் கேட்கிறது. அதற்கப்பால் கேளுங்கள். அநியாயத்தைத் தட்டிக் கேட்கிறார் ஒருவர்; பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறார் மற்றொருவர். பிள்ளையைத் தட்டிக் கொடுக்கிறார் தாய். அவர் சொல்லைத் தட்டாமல் நடக்கிறது பிள்ளை. தொலைத்த பொருள் கண்ணில் தட்டுப்படுகிறது. ஒரே உணவு நாள்தோறும் வந்தால் சலிப்புத் தட்டுகிறது. சலிப்பு வரும்போது எந்தக் கதவில் ஓசை கேட்டது? ஓசை கழன்றுவிட்டது, எதிர்பாராது ஒன்று வந்து படுதல் என்னும் கருத்து மட்டும் எஞ்சி நிற்கின்றது. ‘பொறி தட்டுதல்’ இவ்வரிசையில் வருவதே. (உண்ணும் தட்டை இங்குச் சேர்க்கவில்லை, அது தட்டையான வடிவைச் சார்ந்தது. ஒலி ஒத்ததெல்லாம் ஒரே வேர் என்று கட்டுதல் ஆய்வாகாது.)

ஓசையே இல்லாதவற்றையும் ஓசைபோல் சொல்வது நம் மொழியின் வளம். கலகல, சலசல என்பன காதுக்கு உரியன. பளபள என்பதிலோ ஒளியன்றி ஒலியில்லை. சுரீரென்று வலிக்கிறது, பட்டென்று பேசிவிடுகிறோம், சட்டென்று எழுகிறோம். இவற்றின் ‘என்று’ என்பதைக் கவனித்தல் வேண்டும். வலியும் ஒளியும் ஏதோ ‘சொல்வதாக’ அன்றோ தமிழ் கருதுகின்றது! இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்கள் திராவிட மொழிகளுக்கு மட்டும் உரியன அல்ல. இந்தோ-ஆரிய, முண்டா மொழிகளிலும் பரவிய இந்திய நிலப்பரப்பின் பொதுப்பண்பு என்பதை மொழியியலறிஞர் எமனோ 1969-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார்.

ஆகவே, மொழிபெயர்ப்பவர் பெயர்க்க வேண்டியது ஓசையையா, ஓசை விட்டுச் சென்ற பொருளையா என்பதே வினா. பூட்டிலும் சுட்டியிலும் ஓசை இன்னும் உயிரோடிருக்கிறது. அங்கே ஓசைச் சொல் வேண்டும். நண்பர் இருவரிடையே ஓசை இல்லை. ‘ஒத்துப்போயிற்று’ என்பதே தமிழ். விளங்காதது விளங்கிய இடத்திலோ நம் முன்னோர் தம் ஓசைச் சொல்லை முன்பே அனுப்பி வைத்திருக்கின்றனர். நாம் கற்பித்த சொல் அகராதியில் கிடைத்தது. மாணவி எழுதிய சொல் அவர் வீட்டில் கிடைத்தது. அகராதியைக் கையில் வைத்திருந்த நாம் வீட்டுச் சொல்லை அடித்துவிட்டோம்.

அடுத்த வகுப்பில் அவ்விரண்டு மதிப்பெண்களையும் திரும்ப அளித்தோம். அவர் அத்துடன் விடவில்லை. “‘படம் கிளிக் ஆகிவிட்டது’ என்று திரையுலகில் சொல்கிறார்களே, அதற்கு என்ன எழுதுவது, ஐயா?” என்றார். ‘எடுபட்டது’ என்றார் ஒருவர். ‘ஓடியது’ என்றார் இன்னொருவர். ஓடாமலே எடுபட்ட படங்கள் இல்லையா என்று மூன்றாமவர் கேட்கவும், மணி அடித்துவிட்டது.