பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறி: மாதிரிகளுக்கிடையே உள்ள வேறுபாடுகள்

1984-85-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தின்கீழ்ச் சோதனை முறையில் தொடங்கப்பெற்றது. அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது, பிரிட்டனில் ஏக்கார்ன் நிறுவனம் உருவாக்கிய பி.பி.சி. மைக்ரோ என்னும் பொறியாகும். அப்பொறிக்கென ஒலிநாடாவிலும் வட்டிலும் பதிந்து வைக்கப்பட்ட பாட நிரல்களை இன்று எடுத்து இயக்கினால் சில இயங்காமற் போவதுண்டு. உடனே நாடா பழுதுற்றது என்று முடிவு கட்டி அதனைக் கழித்துவிடுதல் தவறு. நாடா நன்னிலையில் இருந்தும், நிரல் எழுதப்பட்ட மாதிரியும் இயக்கப்படும் மாதிரியும் வேறாயிருப்பதே காரணமாகலாம்.

1981 டிசம்பரில் ‘மாடல் ஏ’, ‘மாடல் பி’ என இரு மாதிரிகள் அறிவிக்கப்பட்டன. இரண்டிலும் செயலி ஒன்றே. 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் 6502 வகை. நினைவகமோ அதனினும் இரு மடங்கு வேகமுடையது. ஆதலின் செயலியும் திரைச்சுற்றும் ஒன்றையொன்று தடுக்காமல் மாறிமாறி அதனைப் பயன்படுத்த இயன்றது. அக்காலத்து விலை மலிந்த பொறிகள் பலவற்றில் காணக்கிடைக்காத நல்ல அமைப்பு இது.

மாடல் ஏ-யில் நினைவகம் 16 கிலோபைட். மாடல் பி-யில் 32 கிலோபைட். அச்சுப்பொறி இணைப்பு, அளவுக் கருவிகளை இணைத்தற்குரிய வாயில், இரண்டாம் செயலிக்கான ‘டியூப்’ இணைப்பு முதலியன மாடல் பி-யில் உண்டு. மாடல் ஏ-யில் இவற்றிற்குரிய சில்லுகளும் இணைப்பிகளும் பொருத்தப்படவில்லை. மின்பலகை ஒன்றேயாதலால், விடுபட்டவற்றைப் பொருத்தி ஏ-யைப் பி-யாக மாற்றுதல் எளிது. அங்ஙனம் மாற்றப்பட்டவை பல. எனவே பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டை மட்டும் நம்புதற்கில்லை.

இனி நினைவகக் கணக்கைச் சற்று விரிவாக நோக்குவோம். இப்பொறிகளில் திரைக்கெனத் தனி நினைவகம் கிடையாது. ஆசிரியர் எழுதும் நிரலும், திரையில் தோன்றும் படமும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. திரைமுறைகள் 0 முதல் 7 வரை எட்டு. குறுக்கே 640 புள்ளிகளும் நெடுக்கே 256 புள்ளிகளும் கொண்ட முறை 0-க்குப் புள்ளிக்கு ஒரு பிட் வீதம் 20,480 பைட் வேண்டும். முறை 7-க்கோ 1,024 பைட் போதும். அதில் புள்ளிகள் அல்ல, எழுத்துகளின் எண்களே சேமிக்கப்படுகின்றன. வடிவத்தைத் தனிச் சில்லு வரைந்துகொள்ளும்.

மாடல் ஏ-யின் மொத்த நினைவகம் 16,384 பைட். இதில் இயக்கமுறை தன் தேவைக்கு முதல் 3,584 பைட்டை எடுத்துக்கொள்ளும். 10,240 பைட் வேண்டும் திரைமுறை 4-ஐத் தெரிந்தால் நிரலுக்கு எஞ்சுவது 2,560 பைட் மட்டுமே. 0 முதல் 3 வரையுள்ள முறைகளுக்கோ இடமே இல்லை. கேட்டால் ‘பேட் மோட்’ என்ற பிழைச்செய்தி தோன்றும். மாடல் பி-யிலோ முறை 0-இல் 8,704 பைட் எஞ்சும்.

வியப்பூட்டுவது அடுத்த செய்தி. மாடல் பி-யில் வட்டு இயக்கிக்குரிய சில்லுகளைப் பொருத்தியவுடன், வட்டுக்கோப்புகளைக் கையாளும் பகுதி மேலும் 2,816 பைட்டைத் தனக்கெனப் பிடித்துக்கொள்கிறது. 8,704 என்பது 5,888 ஆகக் குறைகிறது. ஆகவே நாடாவிலிருந்து பழுதின்றி இயங்கிய 7,000 பைட் நிரல், வசதி மிகுந்த வட்டுப் பொறியில் அதே திரைமுறையில் இயங்காது. கருவி உயர்ந்தது, இடம் சுருங்கியது. பேசிக் மொழியில் ‘ஹைமெம்’ என்ற எண்ணிலிருந்து ‘பேஜ்’ என்ற எண்ணைக் கழித்து அச்சிடச் செய்தால், நிரலுக்கும் அதன் தரவுக்கும் உள்ள இடம் அப்போதே தெரிந்துவிடும்.

இக்குறையை நீக்கவே 1985-இல் 64 கிலோபைட் கொண்ட ‘பி பிளஸ்’ வந்தது. அதில் 20 கிலோபைட் ‘நிழல் நினைவகம்’ திரைக்கென ஒதுக்கப்பட்டது. திரைமுறை எண்ணுடன் 128-ஐக் கூட்டிக் கேட்டால் படம் அங்குச் செல்லும். எந்த முறையிலும் 26,368 பைட் நிரலுக்குக் கிடைக்கும். ஆயின் ஓர் இடர் உண்டு. இயக்கமுறையின் வழியே வரையும் நிரல்கள் இங்கும் நன்கு இயங்கும். விரைவு கருதித் திரை முகவரியில் நேரே எழுதும் நிரல்களோ, நிழல் முறையில், படம் இல்லாத இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும். திரையில் ஒன்றும் தோன்றாது. வட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லும் 8271-இலிருந்து 1770-க்கு மாறியது; பழைய சில்லுடன் நேரே பேசிய நிரல்கள் இதில் தோற்றன.

1986-இல் வெளிவந்த ‘மாஸ்டர் 128’-இல் வட்டுப்பகுதிக்குத் தனி இடம் அமைந்தது. எனவே வட்டு இருந்தும் நிழல் முறையில் 29,184 பைட் கிடைக்கும். செயலி 65சி12. 6502-இன் ஆவணப்படுத்தப்படாத கட்டளைகளைக் கையாண்ட நிரல்கள் இதில் இயங்கா. அவ்வாண்டே வந்த ‘மாஸ்டர் காம்பாக்ட்’ டியூப், ஒலிநாடா ஆகிய இணைப்புகளைக் கைவிட்டது. நாடாவில் உள்ளதை அதில் ஏற்ற இயலாது.

மாதிரியை அறியத் திரையின் முதல் வரியே போதும். மாடல் ஏ ‘பி.பி.சி. கம்ப்யூட்டர் 16கே’ என்றும், மாடல் பி ‘32கே’ என்றும், பி பிளஸ் ‘ஏக்கார்ன் ஓ.எஸ். 64கே’ என்றும், மாஸ்டர் ‘ஏக்கார்ன் எம்.ஓ.எஸ்.’ என்றும் காட்டும். எமுலேட்டர் நிரலில் இயக்குவோரும் அதற்கேற்ற மாதிரியையே தெரிந்துகொள்ள வேண்டும். பல்லாண்டு அடைந்துகிடந்த பொறியாயின், மின்சாரம் கொடுக்குமுன் மின்வழங்கிப் பெட்டியை மின்பணியாளரிடம் காட்டுக. அதிலுள்ள காகித மின்தேக்கிகள் வெடிப்புற்று ஈரமேறிப் புகைவது வழக்கம். மாஸ்டராயின் உள்ளிருக்கும் மின்கலம் கசிந்து பலகையை அரித்துள்ளதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.