ஸ்டூபன்வில் பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள்?

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரி ப்ராஜெக்டுக்கு அமெரிக்காவின் சிறிய பள்ளி மாவட்டம் ஒன்றை எடுத்து ஆராயப்போவதாக எழுதியிருந்தாய். எந்த ஊரை எடுப்பது, எண்களில் முதலில் எதைப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தாய். ஓஹாயோ மாநிலத்து ஸ்டூபன்வில்லை எடு.

அந்த நாட்டில் பள்ளி மாவட்டங்கள் சுமார் 13,000 இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரு ஊர், அதைச் சுற்றியுள்ள இடங்கள் என்ற அளவில் முடிந்துவிடும். உள்ளூர் மக்கள் ஓட்டுப் போட்டுப் பள்ளி வாரியத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வாரியம் ஒரு கண்காணிப்பாளரை அமர்த்தும். செலவில் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்தும் மாநில அரசிடமிருந்தும் வருகிறது. மத்திய அரசின் பங்கு சிறியதுதான். வீட்டு மதிப்பு குறைந்த ஊர், அதே விகிதத்தில் வரி போட்டாலும் குறைந்த பணமே திரட்ட முடியும். இந்த ஏற்பாடு மாநில அரசியல் சட்டத்துக்குப் புறம்பானது என்று 1997-ல் ஓஹாயோ உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

ஆகவே தேர்ச்சி விழுக்காட்டைப் பார்க்குமுன், அந்த வகுப்பறைகளில் யார் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் குழு நாடு முழுவதும் பல ஆண்டுத் தேர்வு மதிப்பெண்களைத் திரட்டி ஒப்பிட்டது. மிக வசதியான மாவட்டங்களின் பிள்ளைகளுக்கும் மிக ஏழை மாவட்டங்களின் பிள்ளைகளுக்கும் நான்கு வகுப்புக்கு மேல் இடைவெளி இருப்பதை 2016-ல் அது வெளியிட்டது. ஒரு மாவட்டத்தின் சராசரி மதிப்பெண்ணில் பெற்றோரின் வருமானமும் படிப்பும் அவ்வளவு தூரம் கலந்திருக்கின்றன. அதை வைத்து மட்டும் ஆசிரியர்களைப் புகழ்வதும் திட்டுவதும் நியாயமில்லை.

ஸ்டூபன்வில் ஓஹாயோ ஆற்றங்கரையில் இருக்கிறது. எதிர்க்கரை மேற்கு வர்ஜீனியா. எஃகு ஆலைகளை நம்பி வளர்ந்த ஊர். 1940-ல் 37,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். ஆலைகள் ஓய்ந்தபின் ஊர் சுருங்கி, 2020 கணக்கெடுப்பில் சுமார் 18,000 பேர்தான். பள்ளிகளில் படிப்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். வெள்ளையர் அதிகம், கறுப்பினப் பிள்ளைகளும் கலப்பினப் பிள்ளைகளும் கணிசமாக உண்டு. வறுமை மிகுதி.

வறுமை எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனி. இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ளவர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் அங்கே நெடுங்காலம் வறுமைக்கு அளவாக வைத்திருந்தார்கள். ஏழைகள் அதிகமுள்ள பள்ளிகளில் எல்லோருக்குமே இலவச உணவு தரலாம் என்ற ஏற்பாடு 2014-ல் நாடு முழுவதற்கும் வந்தது. பிள்ளைகளுக்கு அது நல்லது. சாப்பாட்டு வரிசையில் யாரும் கூனிக் குறுக வேண்டியதில்லை. ஆனால் அதன்பிறகு பல பள்ளிகளின் கணக்கில் ‘வசதி குறைந்தவர் 100 சதவீதம்’ என்று விழுகிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. குடும்ப வருமானத்தைக் கணக்கெடுப்பு விவரத்தில் தனியாகத் தேடு.

இனி தேர்ச்சிக்கு வருவோம். ஓஹாயோவில் மூன்றாம் வகுப்பு வாசிப்புத் தேர்வில் அண்மை ஆண்டுகளில் மாநில அளவில் தேறுபவர்கள் அறுபது சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறார்கள். ஸ்டூபன்வில்லில் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து தொண்ணூறுக்கு மேல். ‘பல ஆண்டுகளாக’ என்பதுதான் முக்கியம். சிறிய பள்ளியில் ஒரு வகுப்புக்கு நாற்பது பேர் என்றால் ஒரே ஒரு பிள்ளை தவறினாலும் இரண்டரை சதவீதம் போய்விடும். ஓர் ஆண்டு உச்சியில் நிற்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு நின்றால் அதற்குக் காரணம் இருந்தே தீரும்.

காரணத்தை அவர்களுடைய காலை வகுப்பில் பார்க்கலாம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ‘சக்சஸ் ஃபார் ஆல்’ என்ற திட்டத்தை அங்கே கொண்டுவந்தார்கள். ராபர்ட் ஸ்லாவின், நான்சி மேடன் என்ற தம்பதி 1987-ல் பால்டிமோரில் தொடங்கிய திட்டம் அது. ஒரு பள்ளி இதில் சேர, ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் ரகசிய ஓட்டில் சம்மதிக்க வேண்டும். தினமும் தொண்ணூறு நிமிடம் வாசிப்பு மட்டும். அந்த நேரத்தில் பிள்ளைகள் தங்கள் வகுப்பை விட்டு, அவரவர் வாசிக்கும் நிலைக்கேற்ற அறைக்குப் போவார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்புக்காரர்களோடு உட்காரலாம். சில வாரங்களுக்கு ஒருமுறை சோதித்து இடம் மாற்றுவதால் பின்தங்கியவன் என்ற முத்திரை ஒட்டிக்கொள்வதில்லை. ஸ்டூபன்வில்லில் உடற்பயிற்சி ஆசிரியர்கூட வாசிப்புக் குழு எடுக்கிறார். அதனால் குழுக்கள் சிறியவை. எழுத்தின் ஒலியைச் சொல்லிக் கூட்டிப் படிக்கப் பழக்குகிறார்கள். பிறகு இரண்டிரண்டு பேராக உட்காருவார்கள். ஒருவர் வாய்விட்டு வாசிக்க, மற்றவர் வரியில் விரல் வைத்துத் தொடர்ந்து, தடுமாறும் இடத்தில் உதவ வேண்டும். திணறும் பிள்ளைக்குத் தனிப் பயிற்சி உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது மழலையர் வகுப்பு. மூன்று வயதிலேயே சேர்க்கிறார்கள். கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் ஆசிரியர் விடமாட்டார். முழு வாக்கியமாகச் சொல்லவைப்பார். வீட்டில் புத்தகமே பார்க்காத குழந்தைக்கும் இப்படித்தான் சொல்வளம் சேர்கிறது. பணக்கார வீட்டுக் குழந்தைக்கு அம்மா மடியில் கிடைப்பதை இந்தப் பள்ளி தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

2023-ல் ஓஹாயோ அரசு, தான் ஏற்ற வாசிப்புப் பாடத்திட்டங்களை மட்டுமே பள்ளிகள் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் போட்டது. அதன் முதல் பட்டியலில் ஸ்டூபன்வில்லின் திட்டம் இல்லை! இருபது ஆண்டுப் பலன் கண்ணெதிரே இருக்க, மேலிடத்துப் பட்டியலுக்கு அது தெரியாமல் போனது எனக்கு வேதனையாக இருந்தது. உன் கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கு.

ஒப்பிடுவதற்குப் பெரிய ஊர் வேண்டுமென்றால் சிகாகோவைப் பார். மூன்றாம் வகுப்பில் அங்கே மதிப்பெண் மிகக் குறைவு. ஆனால் 2009 முதல் 2014 வரை அந்தப் பிள்ளைகள் ஐந்து ஆண்டில் ஆறு ஆண்டுக்கான வளர்ச்சி கண்டார்கள் என்று ரியர்டன் காட்டியிருக்கிறார். ஓஹாயோ வெளியிடும் மாவட்ட அறிக்கையிலும் தேர்ச்சிக்குத் தனி, வளர்ச்சிக்குத் தனி என்று நட்சத்திரங்கள் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்த பத்தியில் வைத்து எழுது. மூன்றாம் வகுப்போடு நிற்காமல் எட்டாம் வகுப்பு வரை தொடர்ந்து போ. ஒரு பிரிவில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் எண்ணை மறைத்துவிடுவார்கள், அந்தக் கட்டத்தைப் பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளாதே. முதல் வரைவு முடிந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா