அடிவயிற்று வலியை மறைக்காதீர்கள்

தாய்மார்களே, அடிவயிறு வலித்தால் "உடம்புச் சூடு" என்று இளநீரைக் குடித்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போய்விடுகிறீர்கள். எல்லா வெள்ளைபடுதலும் நோயல்ல. ஆனால் அதில் துர்நாற்றம், மஞ்சள் நிறம் இருந்தாலோ, காய்ச்சலோ உறவின்போது வலியோ இருந்தாலோ, கிருமி இருக்கலாம்.

கொனோரியா, கிளமிடியா போன்ற பால்வினைக் கிருமிகள் கருப்பை வழியாக ஏறிக் கருக்குழாயைப் புண்ணாக்கும். புண் ஆறினாலும் தழும்பு குழாயை அடைத்துவிடலாம். அப்புறம் பிள்ளை தங்காமல் போகலாம். குழாயிலேயே கரு வளர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மாதம் தள்ளிப்போய், ஒரு பக்கம் கடுமையாக வலித்தாலோ மயக்கம் வந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மருந்து உண்டு. பெரும்பாலும் 14 நாள் மாத்திரை. வலி நின்றதும் பாதியில் விடக்கூடாது. புருஷனும் மருந்து சாப்பிட வேண்டும். ஒன்றும் தெரியாமலே அவர் உடம்பில் கிருமி இருக்கலாம். மனைவி மட்டும் சாப்பிட்டால் நோய் திரும்ப வரும். இருவருக்கும் குணமாகும்வரை சேராதீர்கள்.

ஆண்களே, இந்த நோய் எப்போதும் பால்வினைக் கிருமியால்தான் வரும் என்றில்லை. வீட்டில் சண்டை வேண்டாம். சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு நீங்களும் கிளினிக்குக்கு வாருங்கள். வெட்கப்பட்டால் குழாய் அடைபடும்; "மலடி" என்ற பேச்சு அவள் தலையில் விழும்.