வட்டம் சுத்துதா? ரவுட்டரை அணைக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!



செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனா, என்பிடெல் பாடம் நாலு வாரத்தை முடிச்சுடலாம்னு எல்லாருக்கும் ஒரு கனவு. லேப்டாப்பைத் திறந்து பத்து நிமிஷத்துல வீடியோ நிக்கும், வட்டம் சுத்தும். உடனே பெரும்பாலான வீடுகள்ல நடக்கறது ரெண்டே விஷயம்தான். ஒண்ணு, ரவுட்டரை அணைச்சுப் போடறது. ரெண்டு, "இந்த பிளான் பத்தலைப்பா, பெரிய பிளானுக்கு மாத்துங்க"ன்னு அப்பாகிட்ட சொல்றது. மாசாமாசம் கூடுதலா பணம் போகும். வட்டம் மட்டும் பழையபடி சுத்தும்.

காரணம் எளிது. கோளாறு எங்கே இருக்குன்னு பார்க்காமலே மருந்து கொடுக்கறோம். வீடியோ நம்ம திரைக்கு வர்ற வழியில நாலு கண்ணி இருக்கு: வீடியோ இருக்கற சர்வர், அங்கிருந்து வீட்டு வாசல் வரை வர்ற லைன், ரவுட்டருக்கும் கணினிக்கும் நடுவுல உள்ள வைஃபை, கடைசியா நம்ம கணினி. இதுல எது அறுந்திருக்குன்னு 15 நிமிஷத்துல கண்டுபிடிக்கலாம். செலவு எதுவும் கிடையாது.

கோபுரத்துக்கும் குழாய்க்கும் என்ன வித்தியாசம்?

கொடைக்கானல் மலை மேல இருக்கற ஒளிபரப்புக் கோபுரம் நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு நல்லாத் தெரியும். ஆன்டெனாவை மலைப் பக்கம் திருப்பிட்டு, "இப்போ தெரியுதா? இப்போ?"ன்னு மொட்டை மாடியிலிருந்து கத்தின கதையை வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. கோடை பண்பலை 100.5 அதே மலையிலிருந்துதான் வருது. அங்கே கிளம்பறது ஒரே அலை. பத்து பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் டிரான்ஸ்மிட்டருக்கு வேலை ஒண்ணுதான்.

ஸ்ட்ரீமிங் அப்படி இல்லை. பார்க்கற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஒரு பிரதி வரணும். கோபுரத்து மழையா இல்லாம, ஆளுக்கொரு குழாய். தெருவுல எல்லாரும் குழாயைத் திறந்தா அழுத்தம் குறையும் இல்லையா? அதேதான் இங்கேயும். 2020 மார்ச்ல ஊரடங்கு வந்தப்போ, இந்தியாவுல பெரிய வீடியோ நிறுவனங்கள் சேர்ந்து பேசி, மொபைல் நெட்வொர்க்ல தரத்தை 480பி-க்கு மேல போகாம கொஞ்ச நாள் கட்டுப்படுத்தினதுக்கும் இதுதான் காரணம்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. பழைய டிவியில அலை பலவீனமானா படத்துல புள்ளி புள்ளியா வரும், ஆனா படம் ஓடும். ஸ்ட்ரீமிங்ல புள்ளி வராது. வராத பாக்கெட்டைத் திரும்பக் கேட்டு வாங்கற வரைக்கும் பிளேயர் காத்திருக்கும். வீடியோவை சில விநாடித் துண்டுகளா வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்கள்ல சர்வர்ல வெச்சிருப்பாங்க. வேகம் குறைஞ்சா பிளேயர் தரம் குறைஞ்ச துண்டைக் கேட்கும். கையிருப்புத் துண்டும் தீர்ந்துட்டா, வட்டம். இது புரிஞ்சுட்டா, வீடியோ கெடுற விதத்தை வெச்சே கோளாறு எங்கேன்னு பாதி சொல்லிடலாம்.

படி 1: அறிகுறியைப் பாருங்க

வீடியோ நிக்காம ஓடுது, ஆனா மங்கலா இருக்கு. அப்போ வேகம் பத்தலை.

நல்ல தெளிவா ஓடிட்டு திடீர்னு நிக்குது, மறுபடி ஓடுது. அப்போ இணைப்பு விட்டு விட்டு வருது. வைஃபை அல்லது லைன் மேல சந்தேகம் வைங்க.

வட்டமே வரலை. ஆனா படம் குதிச்சுக் குதிச்சு வருது, சத்தம் மட்டும் சரியா வருது. நெட் மேல பழி போடாதீங்க, கணினி திணறுது.

ஒரே ஒரு தளம் மட்டும் நிக்குது, மத்ததெல்லாம் ஓடுது. பெரும்பாலும் சர்வர் பக்கம்தான் சிக்கல். காத்திருக்கறதுதான் வழி.

யூடியூப்ல வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறங்க. அதுல 'பஃபர் ஹெல்த்'னு ஒரு வரி இருக்கும். கையிருப்புல எத்தனை விநாடி வீடியோ இருக்குன்னு அது சொல்லும். 20, 30 விநாடி இருந்தும் படம் குதிச்சா, தப்பு கணினியில. பூஜ்யத்துக்கு இறங்கி இறங்கி வந்தா, தப்பு நெட்ல. பக்கத்துலயே 'டிராப்டு ஃபிரேம்ஸ்' எண் இருக்கும். அது விறுவிறுன்னு ஏறினாலும் கணினி தடுமாறுதுன்னு அர்த்தம்.

படி 2: எவ்வளவு வேகம் தேவைன்னு கணக்கு போடுங்க

1080பி வீடியோவுக்கு சுமார் 5 எம்பிபிஎஸ் போதும். 4கே-வுக்கு 15 எம்பிபிஎஸ் அளவுல வேணும். வீட்டுல மூணு பேர் ஒரே நேரத்துல 1080பி பார்த்தாலும் 15தான். 40 எம்பிபிஎஸ் பிளான் இருக்கற வீட்டுல வட்டம் சுத்தினா, 100-க்கு மாத்தறதால பெரும்பாலும் பலன் இருக்காது.

மொபைல் டேட்டாவுல படிக்கறவங்க இந்தக் கணக்கைப் பாருங்க. 5 எம்பிபிஎஸ்னா விநாடிக்கு 0.625 எம்பி. தினமும் 1.5 ஜிபி கிடைக்கற பிளான்ல 1080பி வெச்சா 40 நிமிஷத்துல தீர்ந்துடும். சுமார் 1 எம்பிபிஎஸ் எடுக்கற 480பி-ல வெச்சா, அதே 1.5 ஜிபி 3 மணி 20 நிமிஷம் வரும். கரும்பலகையும் ஸ்லைடும் உள்ள பாடத்துக்கு 480பி தாராளம். தரத்தை 'ஆட்டோ'வுல விடாம நீங்களே தேர்ந்தெடுங்க. தினசரி அளவு முடிஞ்சதும் வேகத்தைக் குறைச்சுடுவாங்க. அதுக்கப்புறம் ரவுட்டரை அணைச்சாலும் சரி, போனை அணைச்சாலும் சரி, வீடியோ ஓடாது.

படி 3: ரெண்டு பிங் போடுங்க

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கங்க. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ரெண்டு விண்டோவுல ரெண்டு பிங் ஓட விடுங்க. முதல் பிங் உங்க ரவுட்டருக்கு. முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. சந்தேகம்னா 'ஐபிகான்ஃபிக்' போட்டு 'டிஃபால்ட் கேட்வே' வரியைப் பாருங்க. ரெண்டாவது பிங் 8.8.8.8-க்கு. நாலு தடவையோட நிறுத்தாம ரெண்டு நிமிஷமாவது ஓடட்டும்.

ரவுட்டருக்கான பிங் சில மில்லிசெகண்டுல சீரா வரணும். அதுவே 200, 400னு எகிறினா, நடுவுல பதிலே வராம போனா, கோளாறு வீட்டுக்குள்ள இருக்கு: வைஃபை. ரவுட்டர் பிங் சீரா இருந்து 8.8.8.8 மட்டும் தடுமாறினா, கோளாறு வீட்டுக்கு வெளியே: லைன். ரெண்டும் சீரா இருந்தும் வீடியோ நின்னா, சர்வரையோ கணினியையோ பாருங்க.

இன்னொரு சோதனை. பிங் ஓடும்போதே போன்லேருந்து பெரிய வீடியோ ஒண்ணை கிளவுடுக்கு ஏத்துங்க. 8.8.8.8 பிங் 30லேருந்து 500-க்குத் தாவுதா? அப்போ ஏறும் பாதை அடைச்சுக்குது. ஏறும் பாதை அடைச்சா இறங்கும் பாதையும் தடுமாறும். ஏன்னா, "துண்டு வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு"ங்கற தகவலும் அதே ஏறும் பாதையிலதான் போகணும். கல்யாண வீட்டுல எடுத்த போட்டோ எல்லாம் நாலு போன்லேருந்து பேக்கப் ஆகிட்டிருக்கும்போது உங்க பாடம் நிக்கறது இதனாலதான். பேக்கப்பை ராத்திரிக்கு மாத்துங்க.

படி 4: வைஃபைதான் குற்றவாளின்னா

கொடைக்கானல்ல பழைய வீடுகள் பலதுக்குக் கருங்கல் சுவர். குளிருக்கு நல்லது, வைஃபைக்கு எதிரி. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனா சுவரைத் தாண்ட சிரமப்படும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கொஞ்சம் நல்லாத் தாண்டும், ஆனா நெரிசல் அதிகம். அதுல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11 மூணுதான். பழனி அடிவாரத்துல லாட்ஜும் கடையும் நெருக்கமா இருக்கற தெருவுல ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாருங்க, எத்தனை பெயர் வரிசையா வருதுன்னு தெரியும்.

ஒரே அறைன்னா 5 கிகாஹெர்ட்ஸ்ல இணையுங்க. ரெண்டு சுவர் தாண்டினா 2.4. ரவுட்டர் டிவி அலமாரிக்குள்ள, இரும்பு பீரோ பக்கத்துல இருந்தா வெளியே எடுங்க. வீட்டு நடுவுல, தோள் உயரத்துல வைங்க. எல்லாத்தையும் விட நல்ல மருந்து லேன் கேபிள்தான். 15 மீட்டர் கேபிள் ஒரு தடவை வாங்கற செலவோட முடியும், பெரிய பிளான் மாசாமாசம் கேட்கும்.

படி 5: லைன்தான் குற்றவாளின்னா

ஃபைபர் இணைப்புன்னா, வீட்டுல இருக்கற பெட்டியில 'லாஸ்' விளக்கு சிவப்பா எரியுதான்னு பாருங்க. எரிஞ்சா ஒளி வரலை, நம்மால ஆகறது எதுவுமில்லை. எரியலைன்னாலும், ரவுட்டர் பக்கத்துல 'ஆர்எக்ஸ் ஆப்டிகல் பவர்'னு ஒரு எண் இருந்தா குறிச்சுக்கங்க. மைனஸ் 27 டிபிஎம்-க்குப் பக்கத்துல அல்லது அதுக்குக் கீழே இருந்தா ஒளி ரொம்ப பலவீனம். எங்கேயோ கேபிள் மடங்கியிருக்கு, இல்லைன்னா இணைப்பு முனையில தூசி.

"பனிமூட்டம் வந்தா நெட் போயிடும்"னு மலை மேல அடிக்கடி சொல்வாங்க. வைஃபை, 4ஜி அலைகளைப் பனிமூட்டம் கிட்டத்தட்ட ஒண்ணும் பண்ணாது. மழையும் காத்தும் வர்ற நாள்ல மரம் சாய்ஞ்சு கேபிள் அறுறது, கரண்ட் போறது, இதுதான் நிஜமான காரணங்கள். பலத்த மழையில டிடிஎச் படம் போறது வேற கதை. அது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல உள்ள அலை, மழைத்துளி அதை விழுங்கும்.

மொபைல்ல பார்க்கறவங்களுக்கு ரெண்டு எதிரி. ஒண்ணு மலை: பூம்பாறை, மன்னவனூர் மாதிரி இடங்கள்ல டவருக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு மேடு வந்தாலே போதும். போன் செட்டிங்ஸ்ல சிம் ஸ்டேட்டஸ் பாருங்க. சிக்னல் மைனஸ் 80 டிபிஎம் சுத்தி இருந்தா நல்லது. மைனஸ் 110-ஐத் தாண்டினா மோசம். வீட்டைச் சுத்தி நடந்து எந்த ஜன்னல்ல எண் நல்லா வருதுன்னு குறிச்சு, போனை அங்கேயே வெச்சு, யுஎஸ்பி டெதரிங்ல லேப்டாப்பை இணையுங்க.

ரெண்டாவது எதிரி கூட்டம். தைப்பூசம், பங்குனி உத்திரம் நாட்கள்ல பழனியில, மே மாச சீசன்ல கொடைக்கானல்ல, சிக்னல் முழுசா இருக்கும், வேகம் இருக்காது. ஒரு டவரோட கொள்ளளவை அத்தனை பேரும் பங்கு போட்டுக்கறாங்க. அந்த நாட்கள்ல பாடத்தை விடியக்காலையில டவுன்லோட் பண்ணி வெச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

படி 6: கணினிதான் குற்றவாளின்னா

வீடியோ ஓடும்போது டாஸ்க் மேனேஜர் திறங்க. சிபியு 90, 100 சதவீதம் தொட்டா, வீடியோவை விரிக்கற வேலையை கிராஃபிக்ஸ் சிப் செய்யாம சிபியு தனியா இழுத்துட்டிருக்கு. பிரவுசர் செட்டிங்ஸ்ல 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்' ஆன்ல இருக்கான்னு பாருங்க. கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்க.

அடுத்து கோடெக். ஸ்டாட்ஸ் பெட்டியில 'ஏவி01'னு வந்தா அது ஏவி1. இன்டெல்ல 11-வது தலைமுறை லேப்டாப் சிப்லேருந்துதான் அதை விரிக்க வன்பொருள் இருக்கு. அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப்ல அது திணறும். 720பி-க்கு இறக்கினா பெரும்பாலும் சரியாகிடும். காத்து போற வழியில தூசி அடைச்சு, சூடாகி வேகம் குறையறதும் உண்டு.

பழைய டெஸ்க்டாப்ல இன்னொரு வேடிக்கை: எந்தத் தளமும் பாதுகாப்பு எச்சரிக்கையோட திறக்க மறுக்கும். தேதியைப் பாருங்க, பல வருஷம் பின்னாடி போயிருக்கும். மதர்போர்டுல இருக்கற சிஆர்2032 பேட்டரி செத்திருக்கு. தேதி தப்பானா பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது. ஒரு சின்ன பேட்டரி மாத்தினா போதும்.

ஆன்லைன் இன்டர்வியூ நாள்

"யூடியூப் ஓடுது, மீட் மட்டும் ஏன் கட் ஆகுது?" இதுக்குக் காரணம் கையிருப்பு. யூடியூப் அரை நிமிஷத்தை முன்கூட்டியே சேர்த்து வைக்கும். நேரடிப் பேச்சுல சேர்த்து வைக்க முடியாது. தாமதமா வந்த பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும். அதனால இங்கே பெரிய வேகத்தை விட சீரான பிங் முக்கியம், ஏறும் வேகமும் முக்கியம்.

பிளேஸ்மென்ட் இன்டர்வியூவை ஊர்லேருந்து எடுக்கறவங்க இதைச் செய்யுங்க. முந்தின நாள் அதே நேரத்துல ரெண்டு பிங்கையும் ஓட்டிப் பாருங்க. லேன் கேபிள் போடுங்க. ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் இருந்தா மாட்டுங்க. வேற கம்பெனி சிம்ல டெதரிங் தயாரா இருக்கட்டும். வீட்டுல எல்லார் போன்லயும் பேக்கப்பை நிறுத்துங்க. தடுமாறினா, அவங்ககிட்ட சொல்லிட்டு உங்க கேமராவை அணைச்சுடுங்க. குரலுக்குத் தேவைப்படற வேகம் ரொம்பக் கம்மி. பதில் கேட்டாத்தான் மார்க்.

இவ்வளவும் பார்த்த பிறகும் லைன்தான் தப்புன்னு தெரிஞ்சா, தயங்காம புகார் பண்ணுங்க. "நெட் ஸ்லோ"ன்னு சொன்னா, "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ன்னுதான் பதில் வரும். "கேபிள்ல இணைச்சுப் பார்த்தேன். ரவுட்டர் பிங் 1, வெளி பிங்ல நூத்துக்கு எட்டு போகுது, ஆப்டிகல் பவர் மைனஸ் 28"னு சொல்லிப் பாருங்க. அந்த எண்களைத் தட்டிக்கழிக்க அவங்களால முடியாது.