மரபணுச் சோதனைக்கு இரத்தமா, வால்முடியா?

பசு இரட்டைக் கன்று ஈன்று, ஒன்று காளையாகவும் மற்றது கிடேரியாகவும் இருந்தால், அந்தக் கிடேரியை வளர்க்கலாமா? இப்படிப் பிறக்கும் 100 கிடேரிகளில் 90-க்கு மேல் மலடாகவே இருக்கும். இரண்டு ஆண்டுகள் தீவனம் போட்ட பிறகு இதை அறிவதைவிட, கன்றுப் பருவத்திலேயே டி.என்.ஏ. சோதனை செய்து அறிந்து கொள்வது லாபம். ஆனால் மாதிரியைச் சரியாக எடுத்தால்தான் முடிவும் சரியாக இருக்கும்.

டி.என்.ஏ. எதில் உள்ளது?

உயிரணுவின் உட்கருவில் உள்ளது. மாட்டின் சிவப்பணுக்களில் உட்கரு இல்லை. ஆகவே வெள்ளை அணுக்களிலிருந்தே அதைப் பிரித்தெடுக்கின்றனர். கோழியின் சிவப்பணுவில் உட்கரு உண்டு. அதனால் ஒரு சொட்டு இரத்தமே போதும். முடியின் வேர், விந்து, காது மடலின் சிறு துண்டு ஆகியவையும் பயன்படும்.

இரத்த மாதிரி

கழுத்துச் சிரையிலிருந்து கால்நடை மருத்துவரே எடுக்க வேண்டும். இ.டி.டி.ஏ. கலந்த குழாயில் பிடித்து, 8 முதல் 10 முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். குலுக்கக் கூடாது. ஹெப்பாரின் கலந்த குழாய் குரோமோசோம் சோதனைக்கு உரியது, டி.என்.ஏ. சோதனைக்கு அது இடையூறு செய்யும். குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்து, தாமதமின்றி அனுப்ப வேண்டும்.

வால்முடி

வால் குஞ்சத்தில் சாணம் ஒட்டாத, உலர்ந்த முடிகள் 30 முதல் 40 வரை வேரோடு பிடுங்க வேண்டும். கத்தரித்த முடி பயன்படாது. காகித உறையில் வைக்கவும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு மாட்டுக்கு ஓர் உறை. அடுத்த மாட்டைத் தொடுமுன் கை கழுவவும்.

இரட்டைக் கன்றில் கவனம்

கருவில் இரு கன்றுகளின் இரத்தக் குழாய்களும் இணைவதால், காளைக்கன்றின் இரத்த அணுக்கள் கிடேரியின் உடலில் புகுந்து ஆயுள் முழுதும் தங்கிவிடுகின்றன. எனவே மலடா என்று அறிய இரத்தமே அனுப்ப வேண்டும். அதில் ஆண் குரோமோசோமின் அடையாளம் தென்பட்டால் மலடு என்று கொள்ளலாம். அதே கிடேரியின் தந்தை எந்தக் காளை என்று அறிய வேண்டுமானால் வால்முடிதான் ஏற்றது. இரத்தத்தில் இரண்டு கன்றுகளின் டி.என்.ஏ.யும் கலந்து வந்து குழப்பும்.

பொலிகாளைக்கும் சோதனை

பார்வைக்கு நல்ல காளையும் பரம்பரை நோயைச் சுமக்கலாம். 1952ல் அமெரிக்காவில் பிறந்த ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ என்ற ஹோல்ஸ்டீன் காளையின் வழியில், வெள்ளை அணுக்கள் செயலிழந்து கன்றுகள் இளமையிலேயே இறக்கும் நோய் பல நாடுகளுக்குப் பரவியது. நோயைச் சுமக்கும் காளையும் பசுவும் சேர்ந்தால், நான்கில் ஒரு கன்றுக்கு அந்நோய் வர வாய்ப்புண்டு.

மாதிரியுடன் காது வில்லை எண், வயது, பாலினம், தாய்ப்பசுவின் எண், ஊசி போட்ட விந்துக் குச்சியின் எண், இரட்டைப் பிறவியா என்ற விவரம் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். என்ன தெரிய வேண்டும் என்பதை முதலில் ஆய்வுக்கூடத்துக்குச் சொல்லி, எந்த மாதிரி வேண்டும் என்று கேட்ட பின்பே எடுப்பது நல்லது.