மழைக்காலத்தில் கார் இடிபட்டால்: க்ளெய்முக்கு முன் ஒரு கணக்கு

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. டிசம்பர் முடியும்வரை சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் கார் ஓட்டுகிற எவருக்கும் ஒரு சின்ன இடி நேரலாம். முன்னால் போகிற வண்டி தேங்கிய தண்ணீரைப் பார்த்துச் சட்டென்று பிரேக் போடும். ஈரச் சாலையில் நம் வண்டி நிற்பதற்குள் முட்டிவிடும். யாருக்கும் அடியில்லை. பம்பரில் ஒரு விரிசல், கதவில் ஒரு கோடு, அவ்வளவுதான். இதுபோன்ற சின்ன இடிகளில்தான் பலர் யோசிக்காமல் பணத்தை விடுகிறார்கள்.

இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. காலாவதித் தேதி மழைக்கு நடுவில் வருகிறதா என்றும் பாருங்கள். தேதி தாண்டி 90 நாள் போய்விட்டால், க்ளெய்ம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது அதுவரை சேர்த்த நோ க்ளெய்ம் போனஸ், மொத்தமும் போய்விடும். பழைய கார் வாங்கியவர்கள் ஆர்.சி.யில் மட்டும் பெயர் மாற்றினால் போதாது, பாலிசியையும் 14 நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகியிருந்தால் அதையும் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். க்ளெய்ம் நிராகரிக்கப்பட அது ஒன்றே போதும்.

இடி பட்டதும் ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு, வண்டிகள் நின்ற நிலையிலேயே நாலைந்து படம் எடுங்கள். இரண்டு நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரி ஒன்று, சேதத்தைக் கிட்டத்தில் ஒன்று, சாலையும் கடைப் பலகையும் சேர்ந்து தெரிய ஒன்று கட்டாயம் வேண்டும். பிறகு ஓரம் கட்டுங்கள். நடு ரோட்டில் வாக்குவாதம் வேண்டாம், மழையில் பின்னால் வருகிறவருக்கு உங்களைத் தெரியாது. எதிராளியின் பெயர், போன் நம்பர், வண்டி நம்பர், இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கார் மட்டும் லேசாக அடிபட்டிருந்தால் பொதுவாக எஃப்.ஐ.ஆர். கேட்க மாட்டார்கள். ஆனால் யாருக்காவது காயம் என்றாலோ, பிறர் சொத்து சேதமானாலோ போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும்; மோட்டார் வாகனச் சட்டம் அதற்கு 24 மணி நேரம்தான் தருகிறது.

தண்ணீரில் மாட்டி கார் நின்றுபோனால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். தயவுசெய்து மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ‘தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்’ என்று சொல்லிச் சாதாரண பாலிசியில் எஞ்சின் செலவை மறுத்துவிடுவார்கள். எஞ்சின் புரொடெக்ஷன் என்ற கூடுதல் கவர் இருந்தால்தான் பிழைப்பீர்கள். அதைப் பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்க்க முடியும். தண்ணீர் எந்த மட்டம்வரை ஏறியது என்பது தெரிகிற மாதிரி படம் எடுத்துவிட்டு, டோ வண்டியை வரவழையுங்கள்.

இனி கணக்குக்கு வருவோம். நாலு வருஷம் க்ளெய்மே போடாத ஒரு சின்ன கார். சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய், அதில் 45 சதவீதம் போனஸ். பின் பம்பர் உடைந்து 9,000 ரூபாய் பில்: பம்பர் 5,000, பெயின்ட் 3,000, கூலி 1,000. பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி தேய்மானம், அதில் 2,500 கழியும். பெயின்ட் செலவில் கால் பங்கைப் பொருள் விலை என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 375. 1,500 சி.சி.க்கு உட்பட்ட கார் என்பதால் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டியது 1,000. கைக்கு வருவது 5,125 ரூபாய்.

போவது எவ்வளவு? அடுத்த வருஷம் 50 சதவீதத்துக்கு ஏற வேண்டிய போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கும். அங்கேயே 5,000 நஷ்டம். பிறகு 20, 25, 35, 45 என்று மறுபடி படியேற வேண்டும். பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருஷத்தில் மொத்த நஷ்டம் 12,500 ரூபாய். பம்பர் டு பம்பர் எனப்படும் தேய்மானம் கழிக்காத பாலிசி இருந்தாலும் கைக்கு வருவது 8,000தான். இப்படிப்பட்ட சேதத்தைச் சொந்தக் காசில் சரிசெய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. போனஸைக் காக்கும் கூடுதல் கவர் உள்ளவர்களுக்கும், பில் முப்பதாயிரம் நாற்பதாயிரம் என்று போகிறவர்களுக்கும் கணக்கு வேறு. அவர்கள் தயங்காமல் க்ளெய்ம் போடலாம்.

போடுவதென்று முடிவெடுத்தால் அன்றைக்கே கம்பெனிக்குச் சொல்லி க்ளெய்ம் நம்பர் வாங்குங்கள். சர்வேயர் பார்க்கும்முன் பம்பரைக் கழற்ற விடாதீர்கள். பணம் கட்டாமல் முடிய வேண்டுமென்றால் ஒர்க்‌ஷாப் அந்தக் கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்க வேண்டும். ‘சார், அந்தப் பழைய கீறலையும் இதிலேயே சேர்த்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன்பக்கம் முட்டிய வண்டியில் பின்கதவுத் துரு எப்படி வந்தது என்று சர்வேயர் கேட்பார், நியாயமான பாக்கித் தொகையும் சந்தேகத்தில் சிக்கும்.

சரியான காரணமின்றி மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 155255 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. ஒரு மாதமாகியும் கம்பெனியிடமிருந்து பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், ஒரு வருஷத்துக்குள் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.