பங்கு விலை துள்ளுகிறது: இயந்திரமா, மனிதரா?

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கடை நடத்தும் நமது சகோதரர்கள் சிலர் இப்போது கல்லாவில் இருந்தபடியே கையடக்கத் தொலைபேசியில் கொழும்புப் பங்குச் சந்தையைப் பார்க்கிறார்கள். "நானா, காரணமே இல்லாமல் விலை சடாரென விழுந்து எழும்புகிறதே, இது கம்பியூட்டர் செய்யும் வேலையா?" என்று என்னிடம் கேட்பவர்கள் பலர்.

அதிவேக வர்த்தகம் என்று ஒன்று உண்மையில் இருக்கிறது. பங்குச் சந்தையின் கணினிக்குப் பக்கத்திலேயே தமது கணினியை வைத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஏராளமான ஓடர்களைப் போட்டு, பெரும்பாலானவற்றை உடனே இரத்துச் செய்வார்கள். ஒரு பங்கில் கிடைப்பது சில சதம்தான், எண்ணிக்கையில்தான் இலாபம். இது தன்னளவில் குற்றமல்ல. பொய் ஓடரில்தான் வில்லங்கம்.

நூறு மூடை லீக்ஸ் விற்பனைக்கு வருவதாகக் கதை கட்டி, விலை விழுந்ததும் கதை கட்டியவரே மலிவாக வாங்கினால் எப்படி? லண்டனில் பெற்றோர் வீட்டில் இருந்தபடி நவீந்தர் சிங் சராவோ என்பவர் செய்தது அதுதான். 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தையில் அவர் போட்ட பெரிய விற்பனை ஓடர்கள் 19,000 தடவைக்கு மேல் மாற்றப்பட்டு, கடைசியில் இரத்தாயின. அன்று டவ் ஜோன்ஸ் சுட்டி ஏறத்தாழ 1,000 புள்ளிகள் சரிந்து, நிமிடங்களில் பெரும்பகுதியை மீட்டது. (சரிவுக்கு அவர் எந்தளவு காரணம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.) 2016 இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் 'நஜ்ஷ்' முறையை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை நாம் அறிவோம். இதுவும் அதே இனம்தான்.

இயந்திரத்தின் தடயத்தைத் திரையில் காணலாம். ஓடர் பட்டியலில் பெரிய தொகையொன்று நிற்கும். விலை அதை நெருங்கியதும் மாயமாகிவிடும். ஒரே அளவான சிறு கொடுக்கல் வாங்கல்கள் ஒரே வினாடியில் வரிசையாக விழும். செய்தி எதுவுமின்றி விலை ஊசிபோல் இறங்கி, பழைய இடத்துக்கே வரும்.

ஆனால் கொழும்பில் நாம் காணும் துள்ளல் பெரும்பாலும் இந்த வகையல்ல. இயந்திரத்துக்கு இடைவிடாத வியாபாரம் வேண்டும். நமது பெருந்தோட்டக் கம்பனிப் பங்குகள் சிலவற்றில் நாள் முழுவதும் விரல்விட்டு எண்ணக்கூடிய கைமாற்றங்களே நடப்பதுண்டு. அங்கே இருநூறு பங்கு வாங்கினாலே விலை ஏறும். ஏற்றிக் காட்ட நாலு பேர் சேர்ந்தால் போதும். 2011, 2012 இல் விலையை ஏற்றி இறக்கியவர்கள் பற்றிய விசாரணைகள் நடந்த காலத்தில், பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவர்கள் இருவர் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள். அந்த விசாரணைகள் தேடியது இயந்திரத்தையல்ல, மனிதரை.

ஆகவே விலை துள்ளினால் முதலில் கைமாற்றங்களின் எண்ணிக்கையையும் பங்குகளின் தொகையையும் பாருங்கள். ஆயிரக்கணக்கான கைமாற்றங்கள் நடந்தும் விலை சில சதத்துக்குள் அசைந்தால் இயந்திரத்தைச் சந்தேகிக்கலாம். ஐந்தாறு கைமாற்றத்தில் விலை பத்து வீதம் ஏறினால் யாரோ உங்களுக்காக வலை விரித்திருக்கக்கூடும். இரண்டிலும் தரகரிடம் "சந்தை விலைக்கு வாங்குங்கள்" என்று சொல்லாதீர்கள். உங்கள் உச்ச விலையைக் குறிப்பிட்டே ஓடர் கொடுங்கள். அந்த விலைக்குக் கிடைக்காவிட்டால் அன்று வாங்காமல் விடுங்கள்.